மாஸ்டரின் மூச்சு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு துண்டு ரப்பர் கொடுத்தால் நானே சரிசெய்துவிடுவேன். ரிப்பேர் தொழில் பார்ப்பவனுக்கு இப்படி எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது. வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் கடை ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. ஊதுகிற வாத்தியங்கள் மட்டும்தான் பார்ப்பேன். பெரும்பாலும் பள்ளிக்கூட பேண்டு டிரம்பெட்டுகள்தான் வரும், நசுங்கியும் எச்சிலில் பச்சை பிடித்தும். மாஸ்டர் முதல் தடவை தன் சாக்ஸபோனைக் கொண்டுவந்தபோது அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வாசிக்கும் ஜாஸ் இசை என்னவென்றும் தெரியாது. வேலையை முடித்துக் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடை வாசலில் நின்றபடியே கொஞ்சம் வாசித்தார். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். அரை ஆயுள் பித்தளைக் குழாய்களைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு மனுஷக் குரல் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வகுப்பில் போய் நின்றேன். ஓர் அச்சகத்தின் மாடியில் வகுப்பு நடக்கும். என்னைவிட அவர் வயதில் சின்னவர், அதனால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"என்னண்ணே, ரிப்பேர் பண்றவங்க வாசிக்கவும் கத்துக்கணுமா?" என்று சிரித்தார்.

"இனிமே கத்துக்காம இருக்க முடியாது மாஸ்டர்" என்றேன்.

எனக்கு வாசிப்பு வரவில்லை. அதை ஒளிப்பதற்கில்லை. நான் பழகும்போது என் மனைவி ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் மாஸ்டர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என் தோளில் கையை வைத்து, மூச்சு எங்கே தேங்குகிறது என்று பார்ப்பார். யார் என்ன சாக்குச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "வாத்தியத்தைக் குத்தம் சொல்லாதீங்க. முதல்ல உங்க மூச்சைப் பாருங்க." இதை அவர் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. தனக்கும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார். நான் அவரை வணங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவர் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டில் பெரிய குழு ஒன்று அவரை அழைத்திருந்தது. போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வாரம் முழுக்க நசுங்கலைத் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் வாழ்க்கை. அதை எடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

பயணத்துக்கு முன்னால் சர்வீஸ் செய்ய வாத்தியம் என்னிடம் வந்தது. சாக்ஸபோனின் ஒவ்வொரு துளையையும் தோல் வட்டு ஒன்று மூடும். வட்டு உட்காரும் விதத்தை ஒரு சின்னத் திருகு முடிவு செய்யும். அதைத் தலைமுடி அளவு திருப்பினால் போதும், காற்று கசியும். கண்ணுக்குத் தெரியாது. மேல் சுரங்கள் சரியாகவே வரும். அடியில் இருக்கும் கனத்த சுரங்கள் மட்டும் பிசிறும், எவ்வளவு ஊதினாலும் பிடி கொடுக்காது. நான் திருப்பினேன். அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் மறுநாளே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை ஒரு பிடி பிடித்திருப்பார்கள். மாஸ்டர் வரவில்லை. தன் மூச்சைப் பார்த்தார். கிளம்புவதற்கு முன் இங்கே நடந்த கச்சேரியில் அடிச்சுரம் மூன்று இடத்தில் உடைந்தது. அந்த வாரமே குழுவுக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் நெஞ்சில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்றார், வயதாகிறது இல்லையா என்றும் சொன்னார். மாஸ்டர் இரண்டாவதை நம்பினார்.

வகுப்பு நின்றதா? நிற்கவில்லை. மேடை போனதும் அவருக்கு எங்களைத் தவிர வேறு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு புதன்கிழமையும் சேர்ந்தது. அவர் இத்தனை பொறுமையாகக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த வருஷங்களில் பயன்பெற்றவர்களை வேண்டுமானால் கேட்டுப்பாருங்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. மாஸ்டர் மகா கெட்டிக்காரர். எந்தக் கசிவோடும் கொஞ்ச நாளில் பழகி, அதையும் மீறி ஊத ஆரம்பித்துவிடுவார். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது. இது எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். அவர் காதை ஏமாற்ற நான் என் தொழிலையே மறுபடி கற்றுக்கொண்டேன்.

அவர் மனைவி ஒருநாள் கடைக்கு வந்து அழுதார். "வீட்டுல யார்கிட்டயும் பேசறதில்லீங்க. பேசினா மூச்சு செலவாகுதாம். சாப்பிட உட்கார்ந்தா நெஞ்சைத் தடவிக்கிட்டே இருக்கார். நீங்கதான் அவருக்கு அண்ணன் மாதிரி, நாலு வார்த்தை சொல்லுங்க." மாடிப்படி ஏற முடியவில்லை என்று வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றியிருந்த சமயம் அது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். என் அழுகை பொய்யில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு நர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். புது சாக்ஸபோனை வெளியூரில் வாங்கியிருந்தார், என் கடைக்கு அது வரவேயில்லை. அடிச்சுரம் வரவில்லை என்று அவர் புலம்ப, மாஸ்டர் தன் மவுத்பீஸை அதில் மாட்டி லேசாக ஊதிப் பார்த்தார். அறை அதிர்ந்தது. ஆறு வருஷமாக வராத சுரம், கேட்காமலேயே வந்து நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

நேற்று மாலை தன் வாத்தியத்தோடு கடைக்கு வந்தார். "விளக்கைப் போட்டுக் காட்டுங்கண்ணே" என்றார். குழாய்க்குள் சின்ன பல்பை இறக்கினால், கசிவு இருக்கும் இடத்தில் வெளிச்சக் கோடு தெரியும். கதவைச் சாத்தி, இறக்கிக் காட்டினேன். கோடு தெரிந்தது.

"இது தானா வந்ததா, நீங்க வெச்சதா?"

"வெச்சதுதான் மாஸ்டர்." அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வாத்தியத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "சரி பண்ணுங்க" என்றார். செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. வாங்கி வாசித்தார். அந்தச் சந்தில் முதல் நாள் கேட்டதைவிடப் பெரிய குரல். எனக்கு மட்டும் கேட்டது. நான் சந்தோஷப்பட்டேன், சத்தியமாக.

வாசித்து நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போலீசுக்கெல்லாம் போகலண்ணே. கிளாஸை நிறுத்திடறேன். மிச்சம் இருக்கிற மூச்சு எனக்கே வேணும்."

கோபமில்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்தக் கடைசி சுரத்தை இன்னொரு தடவை பார்க்க வாத்தியத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நசுங்கல் தட்டுகிற சுத்தியல் என் கையில் இருந்தது. நான் அவரைத் தொடவில்லை. இதில் நீங்கள் தெளிவாக இருக்க வேண்டும். மவுத்பீஸுக்குக் கீழே வளைந்திருக்கும் கழுத்துக் குழாயில்தான் அடித்தேன், எதிரில் நின்று, ஒரே ஒரு அடி. மீதியைக் குழாய் செய்தது.

மேல் முன்பற்கள் நாலு. உதடு நடுவில் பிளந்துவிட்டது. என் துண்டை வைத்து அழுத்திப் பிடித்து, நானே டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். உதட்டில் நரம்பு அறுந்திருக்கிறது, இனி எதையும் ஊத முடியாது என்று டாக்டர் சொன்னார். பேச்சு மட்டும் மெல்ல வந்துவிடுமாம்.

கற்றுக்கொடுக்கப் பேச்சு போதும். அவர் காது அப்படியே இருக்கிறது, கையும் இருக்கிறது. இனி எந்த ஊர்க் குழுவும் அவரைக் கூப்பிடாது. அவர் எதையும் விட்டுப் போக வேண்டியதில்லை.

வாக்குமூலம் வாங்க நீங்கள் அவரையும் பார்க்கப் போவீர்கள் இல்லையா? பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எனக்காக ஒன்றே ஒன்று கேட்டு வாருங்கள், மறுபடி எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வகுப்பு என்று.