விளக்குக்குப் பின்னால் பத்து விரல்

கேக்குதா, டிங் டிங்குனு? ரயில் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. முதல்ல தண்டவாளத்த விட்டு இறங்கி இப்படி உள்ள வாங்கம்மா. குடைய மடக்கிக்குங்க, கூரை தாழ்வு. இந்தத் தெருவுல பேச்சு, சண்டை, பேரம் எதுவானாலும் பாதியில நிறுத்திட்டு ரயிலுக்கு வழி விட்டுடணும். பாருங்க, கைய நீட்டினா தொட்டுடலாம் போல. ம். போயிடுச்சு.

இப்பச் சொல்லுங்க. படத்துல இருக்கிற ஒரு ஆள அழிச்சு எடுக்கணும், அவ்வளவுதானே. குடுங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

அட.

இது நான் எடுத்த படம்மா. இல்ல இல்ல, ஞாபகத்த வச்சுச் சொல்லல, ஒரு நாளைக்கு எத்தனை பேர எடுக்கறேன், மூஞ்சியெல்லாம் எங்க நிக்குது. படத்தப் பார்த்தாலே தெரியும். கீழ குட்டைத் தண்ணியில, நீங்க வானத்துல விட்ட காகித விளக்கு இன்னொரு தடவ தெரியுது பாருங்க. இந்தத் தெருவுல இருபது விளக்குக் கடை இருக்கு, இருபது பேரும் வாடிக்கைக்காரங்க போன வாங்கி நின்னுக்கிட்டே எடுப்பாங்க. நான் மட்டும் முட்டி போட்டு, போனத் தலைகீழாக் கவுத்து, தண்ணியத் தொடற மாதிரி வச்சு எடுப்பேன். கவுத்தா லென்சு தரைக்குப் பக்கத்துல வந்துடும், அவ்வளவுதான் சூட்சுமம். யாரும் சொல்லிக் குடுக்கல. ஒரு நாள் வழுக்கி விழுந்தேன், போனு கையில கவுந்த மாதிரி இருந்துச்சு, எந்திரிக்கறதுக்குள்ள ஒண்ணு எடுத்துட்டேன். என் பொண்டாட்டி ரெண்டு நாள் சிரிச்சா. விழுந்தவன் முதல்ல எலும்பப் பாப்பான், இவன் படத்தப் பாக்கறான்னு.

இந்த டேப்லெட்டுல படத்தத் திருத்தறதும் அப்படித்தான். அப்போ நமக்கு ராத்திரி சிமெண்ட் ஆலையில காவல் வேலை, பகல்ல இங்க. காவலாளி கூண்டுல உக்காந்து விரலால தேச்சுத் தேச்சுக் கத்துக்கிட்டது. கரெண்டுக் கம்பத்த எடுக்கறது, மழை வானத்த நீலமாக்கறது, ஒரு விளக்க நாப்பது விளக்காக்கறது. உள்ளங்கையில விளக்கு உக்காந்திருக்கற மாதிரி, வாயால ஊதி அணைக்கிற மாதிரி, எல்லாம் செய்வேன். ஆள எடுக்கறது இருக்கிறதுலயே சுலபம்.

எடுத்து நாலு வருஷமாச்சா. ஆமா, கீழ தேதி இருக்கே.

அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. விளக்குல சிவப்புப் பக்கத்துல ரெண்டு பேர் பேரும் எழுதியிருக்கு, வெய்-டிங், ஷு-ஹுவா. நீங்கதான் ஷு-ஹுவா. கையெழுத்து யாரோடது? அவரோடதா. நல்ல கையெழுத்து. சரி, என்ன ஆச்சுன்னு நான் கேக்கல, எங்க போனாருன்னும் கேக்கல. காவ்ஸியுங்குக்கா. தெக்குக் கோடி, தூரந்தான். இந்தப் படத்துல உங்க முகம் அமைஞ்ச மாதிரி வேற எதுலயும் அமையல, அதனால அவர மட்டும் எடுத்துட்டு வச்சுக்கணும். புரியுது. போன மாசம் கூட ஒரு பையன் இதே மாதிரி வந்தான். அவன் விளக்கையும் சேர்த்து எடுக்கச் சொன்னான். அப்புறம் எதுக்குடா இந்த ஊர்னு கேட்டேன், அழுதுட்டான். நீங்க அழாதீங்க.

அந்த அக்காவா? விளக்கப் புடிச்சாங்களே, அவங்களா?

என் பொண்டாட்டிதான். மாடியில இருக்கா.

உங்களுக்கு அவள ஞாபகம் இருக்கா? குரல்தான் ஞாபகம் இருக்கா. இருக்கும், முகத்த நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அவ வேலையே அதுதான். நாலு பக்கமும் நீங்க எழுதி முடிச்சதும் விளக்கக் கிளிப்புலருந்து எடுத்து, தண்டவாளத்துக்கு நடுவுல கொண்டு போயி விரிச்சுப் புடிப்பா. நீங்க முன்னாடி, விளக்கு நடுவுல, அவ பின்னாடி. நான் முட்டி போட்டு, சிவப்புப் பக்கம் ஒண்ணு, திருப்பு, மஞ்சப் பக்கம் ஒண்ணு, திருப்புன்னு கத்துவேன். ஆள் உயர விளக்கு, அவ குள்ளம். ஆளே தெரியாது. விளக்கோட மேல் மூலையில அந்தப் பக்கம் அஞ்சு விரல், இந்தப் பக்கம் அஞ்சு விரல், அது மட்டும் வந்துடும். அதையும் நான் விட மாட்டேன். மெய்-யுன், விரல மடக்கு. மெய்-யுன், இன்னும் குனி. மெய்-யுன், செருப்பு தெரியுது. ஊரு பூராக் கேக்கற மாதிரி.

மடக்கினா விளக்கு நழுவும். அதனால விரல் இருக்கும். அப்புறம் டேப்புல நான் எடுத்துடுவேன். பத்து விரல எடுக்கறதுக்கு மூச்சு இழுத்து விடற நேரம் போதும் எனக்கு, அவ்வளவு கை தேறிடுச்சு. வலது மோதிர விரல்ல நகம் பாதி கருகியிருக்கும், விளக்குக்கு அடியில கட்டற எண்ணெய்க் காகிதத்தப் பத்த வைக்கறப்போ சுட்டது. இடது கட்ட விரல் நகத்துக்குள்ள எப்பவும் மஞ்ச மை. அதையெல்லாம் பெருசாக்கிப் பார்த்துப் பார்த்து, சுத்தமா எடுத்து, அந்த எடத்துல மலையையோ மழையையோ வச்சுடுவேன்.

கடைய மூடறப்போ கேப்பா, இன்னிக்கு என்னை எத்தனை தடவ அழிச்சேன்னு. நூத்திப் பன்னண்டும்பேன். நேத்து நூத்தி முப்பது, நான் தேறிட்டு வர்றேன்ம்பா. இப்படித்தான் ஒரு சிரிப்பு, வேலை பார்க்கறவங்களுக்குள்ள.

இருங்க, பசங்க ரெண்டு பேரு விளக்குக் கேக்கறாங்க. என்னப்பா, நாலு கலரா? பணம், உடம்பு, பரீட்சை, காதலு. காதல் வேணாமா, சரி, பரீட்சையே ரெண்டு பக்கம் எழுதிக்குங்க. தூரிகைய ஒட்ட வழிச்சுட்டு எழுதுங்க, மை ஒழுகினா வேண்டுதலும் ஒழுகிடும். எழுதட்டும், அவங்களுக்கு நேரமாகும்.

இப்பல்லாம் விளக்கப் பின்னால யாரு புடிக்கறதுன்னா, அதோ அந்தத் துணி காயப்போடற கம்பி ஸ்டாண்டு. சக்கரம் மாட்டியிருக்கேன். அது குனியவும் வேணாம், நிமிரவும் வேணாம்.

உங்க படத்துக்கு வருவோம். எடுத்துத் தர்றேன், அதுல ஒண்ணுமில்ல. ஆனா தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இது நான் ஏற்கெனவே திருத்திக் குடுத்தது. விளக்குக்குக் கீழ, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூங்கில் காடு இருக்கே, அது அங்க கெடையாதும்மா. அங்க ஒரு ஓட்டு வீடுதான். மூங்கில் நான் நட்டது. கையாலயே நட்டேன். இதுக்கு முன்னாடி உள்ள படம், திருத்தாதது, உங்க போன்ல இருக்கா?

தேடுங்க. மெதுவாத் தேடுங்க, அவசரமில்ல. டீ தரட்டுமா.

இல்லையா.

இருக்காது. இருக்க முடியாது, ஏன்னா நான்தான் அழிச்சேன். உங்க கையிலருந்து போன வாங்கி, திருத்தின படத்த ஏத்திட்டு, பழச அழிச்சு, குப்பைத் தொட்டியத் தொறந்து அதுலருந்தும் அழிச்சுட்டுக் குடுத்தேன். ரெண்டு படம் இருந்தா வாடிக்கைக்காரங்க குழம்பித் தப்பான படத்தப் போட்டுட்டு, கடைக்காரன் சரியில்லம்பாங்க. அதனால எல்லாருக்கும் அப்படித்தான். எங்க வேலை சுத்தம்னு பேர். டேப்புல இருந்ததையும் எடம் போதலன்னு வாராவாரம் தொடச்சுடுவேன். அப்புறம் டேப்பத் தாய்பேயில ஒரு கடையில குடுத்துப் பார்த்தேன். அழிச்சத மீட்டுத் தர்ற கடை. அந்தப் பையன் ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, மாமா, இதுக்கு மேல ஆயிரம் படம் ஏறிடுச்சு, உங்க மேலதான் நீங்க எழுதியிருக்கீங்கன்னான்.

சொல்றேன், சொல்றேன். அந்தப் படத்துல என்ன இருந்துச்சுன்னா.

நாலு பக்கமும் எடுத்தாச்சு. பத்த வச்சாச்சு. விளக்கு புஸ்ஸுனு ஊதிடுச்சு. ஒண்ணு ரெண்டு மூணு விடுங்கன்னதும் விளக்கு எழும்பும், அது உங்க தலையத் தாண்டறதுக்குள்ள மெய்-யுன் குனிஞ்சமேனிக்குப் பக்கவாட்டுல ஓடிடணும். ஓடிடுவா. வருஷக்கணக்கா ஓடியிருக்கா. அன்னிக்குன்னு ஆத்துப் பக்கமிருந்து காத்து அடிச்சு விளக்க ஒரே தூக்காத் தூக்கிடுச்சு, அவளுக்கு முட்டி வலி வேற. ஓடல. நின்னுட்டா. ரெண்டு கையும் விளக்க விட்டபடிக்கு மேல தூக்கியிருக்கு, முகம் அண்ணாந்திருக்கு, வாய் தொறந்திருக்கு, அந்த நெருப்பு வெளிச்சம் பூரா மூஞ்சியில. நீங்க ரெண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறீங்க, நடுவுல அவ மட்டும் விளக்கப் பார்த்துச் சிரிக்கறா.

நான் கத்தினேன், படத்தக் கெடுத்துட்டியேன்னு. உங்க எதிர்க்கத்தான் கத்தினேன். ஞாபகம் இருக்கா? நீங்க பாவம், பரவால்லன்னு சொன்னீங்க. அப்புறம் கொஞ்சம் தயங்கி, அந்தக்காவ மட்டும் எடுக்க முடியுமான்னு கேட்டீங்க.

இல்லம்மா, உங்க மேல என்ன தப்பு. உங்க படம் அது. யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க. நான் உங்களக் குறை சொல்ல வரல.

டேப்புல பெருசாக்கினேன். மெய்-யுன் கையத் தொடச்சுக்கிட்டே என் தோள் வழியாப் பார்த்தா. அட, நான் இப்படியா இருக்கேன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, பரவால்ல, நல்லாத்தான் இருக்கேன்னா. இத எனக்கு ஒண்ணு எடுத்து வையேன்னா. அவ எதையும் கேக்கற ஆளு இல்லம்மா. எங்கயாவது நிக்க வச்சுப் படம் எடுக்கலாம்னு போன தூக்கினாலே முதுகக் காட்டிடுவா, வர்றவங்கள எடு, என்னை எடுத்து என்ன பண்ணப் போறேம்பா. அவ வாயால கேட்டது அந்த ஒரு தடவ. வாடிக்கைக்காரங்க படத்த நாம வச்சுக்கக் கூடாது, தள்ளு, வெளிச்சத்த மறைக்கறேன்னு சொல்லிட்டுத் தேச்சுட்டேன். முகத்துல ஆரம்பிச்சேன். எப்பவும் நடுவுலருந்துதான் ஆரம்பிப்பேன், ஓரத்துல பிசிறு தட்டாது. மழை நிக்கட்டும், உன்னத் தனியா நல்லா எடுத்துத் தர்றேன்னும் சொன்னேன். இந்த ஊர்ல மழை நிக்கிற நாள் எது.

அன்னிக்கு ராத்திரி, எத்தனை தடவ அழிச்சேன்னு அவ கேக்கல.

என்னப்பா, எழுதி முடிச்சாச்சா? இன்னும் ரெண்டு பக்கமா? நிதானமா எழுதுங்க, அடுத்த ரயிலுக்கு நேரம் கெடக்கு.

மாடியில இருக்கான்னு சொன்னேன்ல. பொய் சொல்லல. மாடியில பூசைப் பீடத்துல இருக்கா. போயி ரெண்டு வருஷம் ஆச்சு. காலையில மை கலக்கினா, மூங்கில் வளையம் மாட்டி விளக்கு மடிச்சுக்கிட்டிருந்தா, தலை வலிக்குதுன்னு அப்படியே சாஞ்சா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.

சடங்குக்குப் படம் கேட்டாங்க. எத்தனை ஆயிரம் படம் எடுத்திருக்கேன், வீட்டுல ஒண்ணு இல்ல. கல்யாண ஆல்பம் ஒரு புயல்ல ஆத்தோட போச்சு. அடையாள அட்டைப் படம் ஒண்ணு இருந்துச்சு, நகத்தளவு, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. அத வச்சுக்கிட்டு மூணு ராத்திரி தேச்சேன். புள்ளிய எடுத்தேன், நிழல எடுத்தேன், முடிய எழுதினேன். எனக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் செஞ்சேன். அவளோட அக்கா ஹுவாலியன்லருந்து வந்தாங்க, பூவச் சுத்தி வச்ச படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிடப் போனவங்க கைய எறக்கிட்டு என்னைப் பார்த்து, இது யாருன்னாங்க.

அந்தம்மா சொன்னது சரிதான். தினமும் காலையில யாரோ ஒருத்திக்கு ஊதுபத்தி கொளுத்தறேன்.

துடைச்சுக்குங்க, இந்தாங்க. அழாதீங்கன்னு சொல்லிட்டு நானே அழ வைக்கறேன்.

கேக்கக் கூடாதுதான். நீங்க எதுக்கு இங்க வந்தீங்களோ அதுக்கு நேர் எதிரான விஷயம் இது. ஆனா ஒண்ணு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் டேப்பக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க எல்லாப் படத்தையும் அவருக்கு அனுப்பிட்டீங்க. அவர் போன் ஏழு தடவ டிங் டிங்குன்னுச்சு. ரயிலோன்னு நான் திரும்பிப் பார்த்தேன். ஏழாவதப் பார்த்துட்டு, இதுல அந்தக்கா வந்துட்டாங்கன்னு அவரும் சொன்னாரு. அவர் போன நான் தொடல. அவர் போன்ல மட்டும் நான் எதையும் அழிக்கல.

அவரும் அழிச்சிருக்கலாம். மனசு வெறுத்தவங்க முதல்ல அதத்தான் செய்வாங்க, எனக்குத் தெரியாதா. ஒருவேளை அழிக்காம இருந்தா.

உங்கள வற்புறுத்தல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, உங்க படத்துலருந்து அவர எடுத்துக் குடுத்துடறேன், டீ குடிச்சுட்டுப் போங்க. உங்க முகத்தத் தொட மாட்டேன், அவர் தோள் பட்டிருக்கற ஓரத்த மட்டும்.

என்ன எழுதறதுன்னா. நலமான்னு கேக்காதீங்க, அப்புறம் அது வேற பேச்சாயிடும். நாலு வருஷம் முன்னாடி விளக்கு விட்டோமே, அந்த ஏழாவது படம் இருக்கா, விளக்குப் புடிச்ச அக்காவோட புருஷன் கேக்கறாருன்னு மட்டும் எழுதுங்க. பேரு மெய்-யுன்னு போடுங்க. அக்கான்னா எந்த அக்கான்னு தோணும்.

அனுப்பிட்டீங்களா.

படிச்சுட்டாருன்னு காட்டுதா. அதுக்குள்ளயா. சரி, போன மேஜை மேல வச்சுடுங்க, கையில வச்சுக்கிட்டு அதையே பார்க்காதீங்க. வரும்போது வரட்டும். வராட்டியும் நீங்க கேட்டீங்கள்ல, அது போதும்.

முடிச்சுட்டியாப்பா? பரீட்சைன்னு மூணு பக்கம் எழுதியிருக்கே, பாஸாகாம என்ன செய்யும். மை காயட்டும், தொடாத. ஒரு கட்டு விளக்கு மடிக்காமக் கெடக்கு, அதுக்குள்ள அத மடிச்சுடறேன். நீங்க உக்காருங்கம்மா. மூலைக்கு மூலை புடிச்சு, காத்த வெளியேத்தி, நடுவுல ஒரு மடிப்பு. அவ மடிச்சா நூல் புடிச்ச மாதிரி இருக்கும், எனக்கு இன்னும் கொஞ்சம் கோணுது.