இசாலே இலையும் பயறு மூட்டையும்

"ஹலோ... ஹலோ! கேக்குதா?... இல்ல, விட்டு விட்டு வருது. வாழைத் தோப்புக்குள்ள நின்னு பேசாதீங்க, முற்றத்துக்கு வாங்க... ஆங், இப்ப சரி. சொல்லுங்க."

மன்கா கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையிலும் வேலை இருந்தது. முரட்டுக் காக்கித் துணியில் தைத்த பை ஒன்றின் வாயைக் கோணி ஊசியால் மூடிக்கொண்டிருந்தாள். அருஷாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. அவள் கணவன் ஓம்பெனி பிள்ளையையும் ஒரு கிடாயையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, மலைச்சரிவில் மச்சாமேயில் இருக்கும் அம்மா வீட்டுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பின்னாலேயே மருமகள் பஸ் ஏறி வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வாள் என்று அங்கே எல்லாரும் இருந்தார்கள்.

"ம், வந்துட்டா. உங்க தங்கச்சி நேத்து சாயங்காலமே வந்து சேர்ந்துட்டா... ஹைக்காவுக்கு என்ன, நல்லா இருக்கா, இங்கதான் டீ குடிச்சிக்கிட்டு இருக்கா... கொடுத்தா. கையிலயே கொடுத்தா... ஆமா, வாங்கிக்கிட்டேன்... பின்ன? இசாலே இலையை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா? முடிச்சு போட்டு அனுப்பியிருக்கீங்க, நான் திருப்பி அனுப்பினா ஊரே என்னைத்தானே பேசும்?... மன்னிச்சுட்டேன்... அட, மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்ல! துளி கோபம் இல்ல. வேணும்னா உங்க தங்கச்சியையே கேளுங்க."

அந்த இலை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீளமாக, கரும்பச்சையில், நடுவில் ஒற்றை முடிச்சோடு. அவர்கள் மலையில் அந்த முடிச்சுக்கு மேல் பேச்சில்லை. எவ்வளவு பெரிய சண்டையானாலும் இலை கைக்கு வந்துவிட்டால் மன்னித்தாக வேண்டும்.

ஓம்பெனி செய்ததும் சின்னக் காரியமில்லை. அவன் தவணையில் வாங்கிய வண்டியை ஒரு சஃபாரி கம்பெனிக்கு ஓட்டுபவன். மன்கா அதே கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து, கேமராவும் கையுமாக வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பவள். எந்த மாதம் எந்தக் காடு, எந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு தடவையாவது அவள் போய்ப் பார்த்தது கிடையாது. 'அடுத்த தடவை நீயும் வா' என்று ஓம்பெனி வருஷா வருஷம் சொல்வான். போன மாதம் ஒரு சீட்டு நிஜமாகவே ஒதுக்கி வைத்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அந்தச் சீட்டில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் நண்பர் உட்கார்ந்திருந்தார். ஓம்பெனி கண்ணைப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது.

"என்ன?... எந்த பஸ்ஸா?... எந்த பஸ்ஸும் இல்ல. நான் வரல."

ஊசியை இழுத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஹலோ?... இருக்கீங்களா?... நான் வரலைங்க. ந்துட்டுவுக்குப் போறேன்... ஆமா, அதே ந்துட்டு சமவெளிதான், உலகத்துல எத்தனை ந்துட்டு இருக்கு? முதல்ல மன்யாரா ஏரி, அப்புறம் ந்கொரொங்கொரோ, அங்கேருந்து கீழ இறங்கி ந்துட்டு... படம் எடுக்கத்தான். வேற எதுக்கு, துணி துவைக்கவா?"

அடுப்படியில் ஹைக்கா டீ புரையேறி இருமினாள்.

"கத்தாதீங்க... கத்தாதீங்கன்னு சொல்றேன். பக்கத்துல அத்தை இருப்பாங்க... இலை வாங்கிக்கிட்டேன், மறுக்கலையே! மன்னிப்புக் கேட்டீங்க, கொடுத்துட்டேன். மன்னிக்கிறது ஒண்ணு, வந்து நாப்பது பேருக்கு வாழைக்காய் சீவுறது இன்னொண்ணு. அந்த முடிச்சுக்குள்ள அடுப்பையும் சேர்த்துக் கட்டி அனுப்பினீங்களா?... இல்லல்ல?... அப்ப ஏன் நீங்களா ரெண்டையும் ஒட்ட வைக்கிறீங்க?"

"...வண்டியா? உங்க வண்டிதான். சாவி என் கழுத்துல தொங்குது... ஏன், நான் கட்டின தவணையும் அதுல ஓடுதுல்ல? பாதி டயர் என்னுது... ஓட்டத் தெரியாதா! யாருக்கு? லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷமாச்சு? நீங்கதான் சாவியைக் கொடுத்ததே இல்ல... கரிசல் மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? மழை பேஞ்சா எந்தத் தடத்துல போகக்கூடாதுன்னு உங்களுக்கே நான்தானே ஆபீஸ்லேருந்து சொல்லுவேன்! மாட்டினா மாட்டட்டும். பலகை, மண்வெட்டி, கயிறு எல்லாம் ஏத்தியாச்சு... யாரு தள்ளுவாங்களா? உங்க தங்கச்சி தள்ளுவா... ஆமா... ஹைக்காவும் என்கூடத்தான் வர்றா."

அந்தப் பக்கத்துச் சத்தத்தில் மன்கா கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். ஹைக்கா கதவோரம் வந்து நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இலையைக் கொடுத்துவிட்டு அண்ணியைக் கையோடு கூட்டி வர அனுப்பப்பட்டவள் அவள்.

"நான் எங்க மயக்கினேன்? கேட்டேன், வர்றேன்னா... மோஷி டவுன் பட்டறையில லாரிக்கே டயர் மாத்துறவ அவ. உங்களைவிடச் சீக்கிரம் மாத்துவா. போன தடவை நீங்க ஜாக்கியைத் தலைகீழா வச்சதை இப்பத்தான் சொல்லிச் சிரிச்சா... சரி, சிரிக்கல, சிரிக்கல... என்னது?... யார்கிட்ட கொடுக்கிறீங்க? வேண்டாங்க, அவங்களை எதுக்கு... ஏங்க! ஏங்க..."

முதுகு தானாக நிமிர்ந்தது. இடுக்கியிருந்த கைப்பேசி கைக்கு வந்தது.

"வணக்கம் அத்தை... நல்லா இருக்கேன் அத்தை. உங்க முட்டிவலி எப்படி இருக்கு?... ம்... ம்... தைலம் ஹைக்கா கையில கொடுத்து விடலாம்னு... ஆமா அத்தை, கேட்டது நிஜந்தான்... பயறா?"

மன்கா மடியிலிருந்த காக்கிப் பையைப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் சமையலுக்கென்று அத்தை தன் தோட்டத்திலிருந்து அனுப்பி வைத்திருந்த சிவப்புப் பயறு. வரும்போது ஊறவைத்தே கொண்டுவா என்று சொல்லி அனுப்பியது.

"ஊற வைக்கல அத்தை... இல்ல, மறக்கல... தச்சு வச்சிருக்கேன்... தச்சுத்தான். பையில போட்டு... இல்ல அத்தை, கிறுக்குப் பிடிக்கல. வாடகைக்கு எடுத்த கேமரா லென்ஸு இந்தா நீளம் இருக்கும், கையில பிடிச்சா ஆடும். வண்டி ஜன்னல்ல பயறு மூட்டையை வச்சு அது மேல லென்ஸைச் சாய்ச்சா அசையாது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க... வெள்ளைக்காரங்க மூட்டை கொண்டு வருவாங்க, பயறை இங்க சந்தையிலதான் வாங்கிப் போடுவாங்க. அந்தச் சந்தைக்கு யாரு ஓடுவா? நானு... ஐயோ, ஒரு பயறுகூடச் சிந்தாது அத்தை! திரும்பி வந்ததும் உங்க முன்னாலயே தையலைப் பிரிச்சு வேக வச்சுத் தர்றேன். சத்தியமா."

ஹைக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்கா அவளைப் பார்த்து முறைத்தாள்.

"சொல்லுங்க அத்தை, கேக்குறேன்... ம்... ஊர்ல கேப்பாங்கதான். 'மூத்த மருமக எங்க'ன்னு கேப்பாங்க. சிங்கம் பார்க்கப் போயிருக்கான்னு சொல்லுங்க... பயப்படுறேன் அத்தை. உங்களுக்குப் பயப்படாம யாருக்குப் பயப்படப் போறேன்? பயந்துக்கிட்டேதான் போறேன்... இத்தனை வருஷம் ஒரு கிறிஸ்துமஸாவது தவறினேனா? சொல்லுங்க. கைப்புள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு ம்தோரி வாழைக்காய்க் கஞ்சி கிண்டினேன். காய்ச்சலோட கிண்டினேன்... நீங்களும்தான். தெரியும் அத்தை. நீங்களும்தான் கிண்டினீங்க."

மன்கா மறுபடி தொடங்கியபோது குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் இளகவில்லை.

"அத்தை, உங்க முன்னறையில ஒரு படம் மாட்டியிருக்கு பாருங்க. சிறுத்தை ஒண்ணு வண்டி மூக்கு மேல உட்கார்ந்திருக்குமே... ஆமா, அதான். உங்க பிள்ளையோட முழங்கை ஓரத்துல தெரியும். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் காட்டுவீங்க... அந்தப் பயணத்தை எழுதினது நான் அத்தை. எங்க தங்கணும், காலையில எந்த மேட்டுல போய் நிக்கணும்னு எழுதிக் கொடுத்தது நான். படம் எடுத்தவர் பேரு கீழ இருக்கு. உங்க பிள்ளை முழங்கை ஓரத்துல இருக்கு. நான் எங்க இருக்கேன்?... அழல. அழலைங்கிறேன்ல. எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வருது."

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ஹைக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"...இலைதானே? வாங்கிட்டேன் அத்தை. வழக்கத்தை மீறல. முடிச்சு போடும்போது உங்க பிள்ளை என்ன சொல்லிப் போட்டார்னு நீங்களே கேளுங்களேன். பக்கத்துலதானே நிக்கிறாரு? கேளுங்க. நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."

கைப்பேசியில் தூரத்துக் குரல்கள் கலந்து வந்தன. அத்தையின் குரல் ஓங்கியது. ஓம்பெனியின் குரல் முனகியது. கிடாய் ஒன்று கத்தியது. மன்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அத்தை 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போகாமல் இருக்க அவளால் முடியுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"...ம், சொல்லுங்க அத்தை... 'சீட்டைக் கொடுத்தது தப்பு'ன்னு. அவ்வளவுதானா?... வேற ஒண்ணும் சொல்லல?... அப்ப நான் போறது சரியா?... நீங்களே சொல்றீங்களா? கேட்டதுக்கு மேல இலை ஒண்ணும் கேக்காதுன்னு?... அத்தை..."

அவள் ஹைக்காவின் தோளை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சமையலா?... ஏன் அத்தை, நாலு பிள்ளை பெத்து வச்சிருக்கீங்க. வாழைக்காய் சீவ ஆம்பளைக் கை கூசுமா?... ஆமா, மூத்தவரே சீவட்டும். தப்பு பண்ணினது அவர்தானே... தோலைத் தடிமனா சீவுவாரு, பார்த்துக்குங்க... ம்... ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டேன் அத்தை. ந்கொரொங்கொரோ மேல குளிரும், தெரியும்... ஹைக்காவுக்கும் எடுத்தாச்சு. வண்டியை விட்டு இறங்க விடமாட்டேன்... படமா? உங்களுக்கா?... எருதுமானு குட்டி போடுறது இன்னும் மாசமாகும் அத்தை, இப்பத்தான் கூட்டம் வந்து சேரும்... சரி, கூட்டத்தையே எடுத்துட்டு வர்றேன். முன்னறையில மாட்டுவீங்களா?... கீழ என் பேரு போடுவேன். பெரிசா போடுவேன்... இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது."

"...கொடுங்க. அவர்கிட்ட கொடுங்க."

மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். மேசை மேல் வைத்து ஒரு குத்து விட்டாள். நடுவில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"ம்... சொல்லுங்க... என்ன?... வர்றீங்களா? இப்பவா? இல்லைங்க... இல்ல. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. காலியாவே இருக்கட்டும். நீங்க வந்தா பழக்கதோஷத்துல ஸ்டீயரிங்கைப் பிடிப்பீங்க. 'அங்க பாரு, இங்க பாரு'ம்பீங்க. நான் நானா பார்க்கணும்... கோபமில்ல, மன்னிச்சாச்சுன்னு எத்தனை தடவை சொல்றது! நீங்க அங்க அத்தைகூட இருங்க. ஆளு வேணும் அவங்களுக்கு... ஆமா, வாழைக்காய்தான். நிறைய இருக்கும்."

"...எது? ஏரிக்கரைத் தடமா? காலையில அதுல போகமாட்டேன், வெயில் கண்ணுல அடிக்கும். அது எனக்குத் தெரியும்... அதுவும் தெரியும்... அதுவும் நான்தான் உங்களுக்குச் சொன்னேன்!... எது?... ஒத்தை வேல மரமா? எங்க?... சதுப்புக்கு அந்தப் பக்கம் மேட்டுல... அங்க என்ன?... சிக்னலா?"

மன்கா நின்றுவிட்டாள். அலுவலகச் சுவரில் ந்துட்டுவின் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு தடமும் அவளுக்குப் பாடம். அந்த மரம் அதில் இல்லை.

"...அங்கேருந்துதான் தினம் எனக்குப் பேசுவீங்களா?... எல்லாரும் கூடாரத்துக்குப் போனப்புறமா? அவ்வளவு தூரம் திரும்பி வந்தா?... ஏன் இதைச் சொன்னதே இல்ல?"

எத்தனையோ சாயங்காலங்கள். 'இன்னிக்கு ஒரு பெண் சிங்கம், மன்கா, தண்ணியில தன் நிழலைப் பார்த்து உறுமுது' என்று அவன் சொல்லச் சொல்ல, அடுப்படியில் கரண்டியும் கையுமாக அவள் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்த காடெல்லாம் அவன் குரலில்தான் இருந்தது.

"...இல்லைங்க. இதுக்கெல்லாம் மனசு மாறமாட்டேன். வராதீங்க."

மூட்டையைத் தோளில் போட்டாள். கேமராப் பையை ஹைக்கா ஏற்கெனவே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள். கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினாள்.

"ஆனா அந்த மரத்துக்கிட்ட வண்டியை நிறுத்துவேன். சாயங்காலம். போனைப் பக்கத்துலயே வச்சிருங்க, பிசுக்குக் கையோட எடுக்காதீங்க. இத்தனை வருஷம் நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன்... ஆமா. இந்தத் தடவை நான் சொல்றேன். நீங்க கேளுங்க."

"...ம்... ம்... எப்ப திரும்பி வருவேன்னா?... சரி, அதையும் அங்கேருந்தே சொல்றேன். இப்ப வைக்கிறேன், வண்டி சூடாகணும்."

வைத்துவிட்டாள்.