பதினைந்து நிமிடத் தண்ணீர்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. நீங்கள் சிரமப்பட வேண்டாம், காகிதத்தைக் கொடுத்தால் நானே எழுதிவிடுவேன். கல்லூரியின் ரசாயனக் கிடங்கில் பத்தொன்பது வருடம் பாட்டில்களுக்குப் பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டிய கை இது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டில். எதை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது, மேலே பட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புத் தாள் உண்டு. கோப்பில் போட்டுக் கதவருகே மாட்டியிருந்தேன். அதை முழுக்கப் படித்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருத்தி என் தங்கை. அதே வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர்.

துறைத்தலைவர் தொட்டதுகூட இல்லை. "அதெல்லாம் இன்ஸ்பெக்ஷனுக்குப்பா" என்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் மிச்சமான அமிலத்தைக் கையில் கிடைத்த பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதாமல் வைத்துவிட்டுப் போவார். போன மாதம் அப்படி ஒன்றைத் தண்ணீர் என்று நினைத்து எடுத்தாள் தங்கை. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. "கவனிக்காமல் எடுத்துவிட்டேன்" என்று அவளிடமே எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் கொதித்துப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம் வராது. வீட்டில் அவள் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"விட்டுடுண்ணா. அவரு வந்து மன்னிப்பு கேட்டாரு. அழுதுட்டாரு."

"அழுதா விரல் முளைச்சிடுமா?"

"நீ எதையாவது பண்ணித் தொலைக்காத. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. கிடங்குக்குள் அவசரத்துக்கு ஒரு குளியல் குழாய் இருக்கிறது. சங்கிலியை இழுத்தால் தலைமேல் தண்ணீர் கொட்டும். அதன் வால்வை ஸ்பேனரால் இறுக்கி மூடினேன். சரக்கு சரிபார்க்க வேண்டும் என்று துறைத்தலைவரைக் கூப்பிட்டேன். வந்ததும் கதவைப் பூட்டி, கோப்பைக் கையில் கொடுத்தேன்.

"கந்தக அமிலத் தாளப் படிங்க சார். சத்தமா."

"என்னப்பா, எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தார். ஆனாலும் படித்தார். மூன்றாவது வரிக்கு வந்தபோது அமிலக் கேனை அவர் தலையில் கவிழ்த்தேன்.

கத்தினார். ஒரு ஆம்பளைக் குரல் அவ்வளவு மெலிந்து போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண்ணைப் பொத்திய கையோடு முகத்தின் தோலும் வந்தது. தடவித் தடவிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கீழே கிடந்த தாளை எடுத்து மீதியை நானே படித்துக் காட்டினேன். உடனே, ஏராளமான தண்ணீரில், குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ஒருவர் வேலையைப் பற்றி அவருக்கே தெரியாமல் போய்விடக் கூடாதல்லவா.

தங்கையிடம் இன்னொரு சாவி இருப்பது என் நினைவில் இல்லை. அலறல் கேட்டு, கையில் கட்டோடு கதவைத் திறந்து ஓடி வந்தாள்.

"தண்ணியத் தொறண்ணா! ஐயோ, தொறந்து விடு!"

நல்ல கையால் ஸ்பேனரைப் பிடுங்கப் பார்த்தாள். நகரு என்று இரண்டு தடவை பக்குவமாகத்தான் சொன்னேன். கேட்கவில்லை. ஸ்பேனராலேயே அந்த மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்தது. அப்படியும் வால்வை நோக்கி ஊர்ந்தாள். பின்மண்டையில் ஒன்று போட்டேன். மண்டை ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். நான் அளந்து அடிக்கவில்லை, ஐயா.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பதினைந்து நிமிடம் முடிந்ததும் வால்வைத் திறந்தேன். அவர் அதற்குள் சங்கிலியை விட்டிருந்தார். கொன்றது நான்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை.

நேற்றுத் தங்கைக்கு நினைவு திரும்பியதாக உங்கள் காவலர் சொன்னார். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கண்ணன உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?" மூன்று தடவை கேட்டாளாம். பூட்டிவிட்டோம் என்ற பிறகுதான் மருந்து குடித்தாளாம்.

அந்த நிலைமையிலும் பாருங்கள் ஐயா, அவளுக்கு என்னைப் பற்றிய கவலைதான்.