ஈரமண் காயும் முன்

வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறீர்களே, ஐயா, கொஞ்ச நேரத்தில் நிழல் போய்விடும். மஸ்கட்காரர்களுக்கு எங்கள் மலை வெயில் தெரியாது. சரி, உட்காருங்கள், காபி ஆறுகிறது.

மலையடியிலிருந்து நிலத்துக்கடியில் ஓடிவரும் எங்கள் ஃபலஜ் வாய்க்காலுக்கு நான்தான் பொறுப்பு. எந்தத் தோப்புக்கு எப்போது தண்ணீர், எப்போது சேறு வாருவது, எல்லாம் என் முடிவு. போன முறை ஊரே தடுத்தும் ஆட்களை இறக்கினேன், தண்ணீர் பெருகியது. அது என் கணிப்பு. அதற்கு முந்தைய முறை சுவர் சரிந்து ஒருவனுக்குக் கால் போனது. அது அவன் விதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்த முறை இறங்க வேண்டியவன் ஹுமைத், என் மனைவி ஷம்ஸாவின் தம்பி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேலே மண் அணை போட்டுத் தண்ணீரை நிறுத்தியாயிற்று. அவன் வாய்க்காலுக்குள் இறங்கும் கிணற்றின் வாயில் குந்திக்கொண்டு மண்ணைப் பிசைந்து பார்த்தான்.

"அத்தான், மண்ணு இன்னும் ஈரமா இருக்கு. காயட்டுமே."

"அது காயுறதுக்குள்ள தோப்பு காஞ்சிரும். பயமா இருந்தா அக்காகிட்ட போய் ரொட்டி தட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு இறங்கினான்.

அவனுக்கும் கிணற்றுக்கும் நடுவில் சுரங்கத்தின் கூரை விழுந்தது. அந்தப் பக்கம் வேறு வழி கிடையாது, நாங்கள் நிறுத்திவைத்த தண்ணீர்தான். பொறுப்பாளன் என்பதால் நானே இறங்கிப் பார்த்தேன். மண்ணில் காதை வைத்தேன். தட்டிக்கொண்டிருந்தான்.

தோண்டி எடுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பான். ஊர் தலையாட்டும். அப்புறம் என் பழைய முடிவுகளையும் ஒவ்வொன்றாகக் கிளறுவார்கள். மேலே வந்தேன்.

"ஒண்ணும் கேக்கல. முடிஞ்சுபோச்சு. போய் அணைய வெட்டுங்க, தண்ணி வந்து மண்ணத் தள்ளட்டும்."

செய்தி கேட்டு ஓடிவந்த ஷம்ஸா மட்டும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறேன் என்று அவளையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

தண்ணீர் அடைப்பை உடைத்தது. தோப்பு பிழைத்தது. ஊரே என்னைப் பாராட்டியது. தப்பான முடிவுக்கு இப்படியொரு பலன் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

உடலைக் குளிப்பாட்டியவர்கள் அவன் விரல்முட்டிகள் தட்டித் தட்டித் தோலுரிந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் அணையை வெட்டப் போன பிறகு நான் திரும்பவும் இறங்கி, மண்ணில் தண்ணீர் கசியும்வரை அங்கேயே நின்றேன். தட்டுவது வேகமாயிற்று, அத்தான் என்று கூப்பிடுவதும் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவன் முதலிலேயே இறந்துவிட்டான் என்று எனக்கு அப்போதே தெரியும்.