ஸ்டேஷனில் இருப்பதாகச் சொன்ன துப்பாக்கி

பெயர் சவுரியப்பன், வயது 53, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற சவரிராயன், தொழில் விவசாயம், இருப்பு தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம், மாரண்டஹள்ளி அருகே புளியமரத்துக் கொட்டாய். என்னை இன்று யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். சென்ற மாதம் இதே அலுவலகத்தில், விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி. அய்யா முன்பு, என் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலிருந்து நான் திரும்ப வாங்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

என் தகப்பனார் பெங்களூரில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். சுடுகிறவர் இங்கிலீஷில் ‘புல்’, அதாவது இழு, என்று குரல் கொடுத்ததும் விசையை இழுத்து மண் தட்டை வானத்தில் பறக்கவிடுவது அவர் வேலை. அவர்கள் மாட்டுக்குத்தான் புல் கேட்கிறார்கள் என்று சிறு வயதில் நானும் என் தங்கையும் நினைத்திருந்தோம். அங்கே பலமுறை ஜெயித்த ஓர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, தட்டு சுடுவதற்கென்றே செய்த தமது இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கடைசிக் காலத்தில் முறைப்படி என் தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டார். அதன் இரும்பில் இரண்டு பக்கமும் புல்லிலிருந்து எழும்பும் கவுதாரிகளைக் கையாலேயே செதுக்கியிருக்கும். அடிப்பக்கத்தில் அந்த அதிகாரி ஜெயித்த வருடங்கள் 1961, 1964, 1967 என்று பொறித்திருக்கும். இடது தோளில் வைத்துச் சுடும்படி கட்டையை வளைத்துச் செய்தது. அந்த அதிகாரி இடக்கைக்காரர். என் தங்கை மதலேனம்மாளும் இடக்கைக்காரி. நான் வலக்கை.

தோட்டா விலை எங்களுக்குக் கட்டாது என்பதால் தங்கை பெரும்பாலும் வெறும் துப்பாக்கியில்தான் பழகினாள். மண் தட்டுக்குப் பதில் காய்ந்த வறட்டியை மேட்டிலிருந்து நான் வீசுவேன். அவள் ‘புல்’ என்பாள், நான் எறிவேன். ஆறு வருடம் எறிந்தேன். 1998-ல் மாநிலப் போட்டியில் அவள் தங்கம் வாங்கினாள். அதன் பிறகு என் தகப்பனார் பெங்களூருக்கு எடுத்துப்போய் பழைய வருடங்களுக்குக் கீழே 1998 என்று பொறித்து வந்தார். 2010-ல் அவர் இறந்ததும், வூட்டு ஆம்பளை பேரில் இருக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. தங்கை மறுப்புச் சொல்லவில்லை. அவள் தர்மபுரியில் உடற்கல்வி ஆசிரியை.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும் போல நானும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். தேர்தல் முடிந்து மே மாதம் திரும்ப வாங்கப் போனபோது ஸ்டேஷனில் கூட்டமாக இருந்தது. எனக்குத் தக்காளி லோடு மண்டிக்குப் போக வேண்டிய அவசரம். ஆயுத அறைப் பொறுப்பில் இருந்த காவலர் ரஞ்சித்குமார் எனக்குப் பழக்கம். “அண்ணா, நீங்க எடுத்துட்டுக் கிளம்புங்க. நாளைக்கு ரசீதைக் கொண்டாந்து குடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார். மறுநாள் நான் போகவில்லை. அவரும் மறந்துவிட்டார். ஆகவே ரிஜிஸ்டர்படி துப்பாக்கி இன்றுவரை ஸ்டேஷனில்தான் இருக்கிறது. 2024 தேர்தலுக்குக்கூட என்னிடம் யாரும் துப்பாக்கி கேட்கவில்லை.

அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், பழைய வேலைப்பாட்டுத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் பெங்களூர் வெங்கடாசலம் என்பவர் எப்படியோ கேள்விப்பட்டு என் வீட்டுக்கு வந்தார். கலெக்டர் ஆபீசுக்குத் தெரிவிக்காமல், காகிதமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்ற பேச்சில், நாலரை லட்சத்துக்கு அவருக்கு விற்றேன். எனக்கு அப்போது பண முடை எதுவும் இல்லை. வீட்டுக்கு வருகிற எவரும் ‘உங்க தங்கச்சி துப்பாக்கியைக் காட்டுங்க’ என்றுதான் கேட்பார்கள். லைசென்ஸ் என் பெயரில், புகழ் அவள் பெயரில். வறட்டி எறிந்தவனை எவன் கேட்டான் என்று வயிற்றெரிச்சல். இருபத்தைந்து வருட வயிற்றெரிச்சல் அய்யா, வேறொன்றும் இல்லை.

இனி சொல்வதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். வெங்கடாசலம் அடிப்பக்கத்தைப் பார்த்து, 1998-ல் ஜெயித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். இது இடக்கைத் துப்பாக்கி ஆச்சே என்றார். நானும் இடக்கைதான் என்று சொல்லி, இடது தோளில் வைத்துக் காட்டினேன். அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டார். துப்பாக்கியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். நான் ஜெயித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதமும் போட்டோவும் துப்பாக்கியோடு அவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதாகப் பிறகு போனில் சொன்னார். அவர் விலாசத்தை இத்துடன் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து நான் மாதா கோயில் பூசைக்குப் போனாலும், பாவத்தோடு வாங்கக்கூடாது என்று, நன்மை அப்பம் வாங்க எழுந்து போவதில்லை. கால் வலி என்று தங்கையிடம் சொன்னேன். முட்டிக்குத் தடவத் தைலம் வாங்கி அனுப்பினாள்.

அதன் பிறகு இந்த வருடம் ஆகஸ்டில், வயது மூத்தவர்களுக்கான போட்டிக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தங்கை வந்தாள். “அண்ணா, துப்பாக்கியை எடு, ஒரு தடவை தோள்ல வச்சுப் பாத்துக்குறேன். வறட்டி இருக்குதா வூட்ல?” என்று சிரித்தாள். எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷனில் கட்டியது, பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டேன் என்று சொன்னேன். நம்பினாள். பீரோவில் கிடந்த பழைய ரசீதை அவளே தேடி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை.

அங்கே துப்பாக்கி இல்லை. உங்கள் அண்ணன் அப்போதே எடுத்துப்போய்விட்டார் என்று ரஞ்சித்குமார் சொல்லியிருக்கிறார். கையெழுத்து எங்கே என்று இவள் கேட்டிருக்கிறாள். கையெழுத்து இல்லை. அதன் பேரில் அவள் எஸ்.பி. அய்யாவுக்கு மனு கொடுத்தாள். ரஞ்சித்குமார் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். சென்ற மாதம் என்னை விசாரித்தபோது டி.எஸ்.பி. அய்யா அந்த மனுவை வாசித்துக் காட்டினார். அதன் கடைசி வரி, ‘என் அண்ணன் இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை’ என்பது. அதைக் கேட்ட பிறகும் நான் பொய்யைத்தான் சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நான் கெட்டிக்காரன்கூட இல்லை, என் புளுகு இத்தனை நாள் நின்றதற்குக் காரணம் என்னை நம்பியவள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சித்குமார் என் தோட்டத்துக்கு வந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து வரப்பிலேயே நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. முகம் சவரம் செய்யாமல் இருந்தார். “அண்ணா, நான் குடுத்தனா இல்லியா, நீங்களே சொல்லுங்க. யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப சந்தேகமாயிடுச்சு. ராத்திரி எழுந்து உக்காந்துக்கிறேன். வூட்ல பைத்தியம்னு நினைக்கிறாங்க” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கையில் தூக்கிக் கொடுத்தவனுக்கே கொடுத்தோமா என்று சந்தேகம் வரும்படி செய்துவிட்டேனே, நான் மனுசனா? நீங்கள் கொடுத்தீர்கள், நான் வாங்கினேன், உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அங்கேயே சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மொண்டு கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே காவலர் ரஞ்சித்குமார் மேல் எந்தக் குற்றமும் இல்லை. துப்பாக்கியை விற்றவன் நான், பொய் சொன்னவன் நான். 1998-ல் ஜெயித்தவள் என் தங்கை மதலேனம்மாள். அந்தக் காகிதத்தைப் பெங்களூரிலிருந்து எடுக்கும்போது இதையும் வெங்கடாசலத்திடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று என் தங்கையையும் நான்தான் போன் செய்து இங்கே வரவழைத்தேன், எதற்கென்று சொல்லவில்லை. என் வேண்டுகோளின் பேரில், மேலே எழுதியதை அவளையும் உட்காரவைத்து டி.எஸ்.பி. அய்யா வாசித்துக் காட்டினார். முடியும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு தன் மனுவைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி வாங்கிப் படித்தாள். “சார், இந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்க” என்று கேட்டாள். பதிவான மனுவில் திருத்தம் செய்ய முடியாது என்று அய்யா சொல்லிவிட்டார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அந்த வரி கோப்பில் அப்படியே இருக்கிறது.

மேலே கண்டவை யாவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. வாசிக்கக் கேட்டேன், எல்லாம் உண்மை. முந்திய வாக்குமூலம் பொய் என்பதற்கும் சேர்த்து இதில் கையொப்பம் இடுகிறேன்.

ஒப்பம்
ச. சவுரியப்பன்