நுரைக்காத மூன்று பாக்கெட்

கண்டிஷனரை ஷாம்புக்குப் பிறகு, முடியின் நுனியில் மட்டும் தடவி அலச வேண்டும் என்பது பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் விதி. வெள்ளிக்கிழமை, பொன்னேரி பேருந்தில் என் முன் இருக்கையில், பழவேற்காட்டில் ஏறிய அக்காவும் தங்கையும். தங்கையின் தலை பிசுபிசுவென்று மின்னியது.

"இன்னாடி இது, மீன் எண்ணெயா?"

"நுரையே வர்லக்கா. நம்ம ஊரு உப்புத் தண்ணிதானேனு மூணு பாக்கெட் போட்டேன். அப்பாலதான் பாத்தேன், கண்டிஷனராம்."

"சாய்ங்காலம் பொண்ணு பாக்க வராங்கடி."

"நாளைக்கு வாங்கனு மாப்ளைக்கு காலைலயே மெசேஜ் போட்டேன். காரணமும் சொன்னேன். பதிலக் காணோம்."

"காரணத்த எதுக்குடி சொன்ன?"

போன் ஒலித்தது. தங்கை சத்தமாகவே படித்தாள்.

"இன்னிக்கே வரோம். உங்க வீட்டுக்கு வரணும்னு எங்கம்மா தல குளிச்சாங்க. அவங்க நாலு பாக்கெட்."

பதில் கிடைத்த நாள்: அதே வெள்ளிக்கிழமை.