பாதியில் மூடிய கண்

சேந்தமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"நான் வரையற பூனைகூட எங்க ஊட்டுக்காரராட்டமே திரும்புதுன்னு ஆபீஸ்ல திட்டறாங்கக்கா."

"பூனையா?"

"கார்ட்டூன் பூனைங்க. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு படமா கையில வரையோணும். தலை நேராத் திரும்புனா பொம்மையாட்டம் இருக்கும். பாதியில மோவாய் தாழ்ந்து, கண்ணு மூடித் தொறக்கோணும். அவரு போர்வெல் போடற வண்டியேறி வடக்க வேலைக்குப் போறப்ப அப்பிடித்தான் என்னைப் பாக்கத் திரும்புனாரு. இன்னும் ஊடு வரலீங்க. அதேதான் கைக்கு வருது."

"திரும்பிச் சிரிச்சாரா?"

"கண்ணு மூடுனவரைக்குந்தான் பாத்தேன். குறுக்கால லாரி வந்து மறைச்சிருச்சு. மிச்சத்தைத்தான் தெனமும் வரைஞ்சு வரைஞ்சு அழிக்கறேன்."